பிப்ரவரி 28

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

எங்கள் துறை வாயிலில் ஒரு கரும்பலகை உண்டு. நாள்தோறும் காலையில் ‘வரலாற்றில் இன்று’ என்று தலைப்பிட்டு நான்கைந்து வரிகள் எழுதுவது இரண்டாம் ஆண்டு மாணவர் பொறுப்பு. முறை வைத்து எழுதுவோம். என் முறை வந்த நாள் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். இதைவிட எளிய வேலை வேறு ஏது? ‘1928: சர் சி. வி. இராமன், இராமன் விளைவைக் கண்டுபிடித்தார்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கையில் ஒட்டிய சுண்ணத்தைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார் எங்கள் பேராசிரியர்.

“சரி தம்பி, அன்றைக்கு என்ன நடந்தது?”

“இராமன் விளைவைக் கண்டுபிடித்தார், ஐயா.”

“அதுதான் பலகையிலேயே இருக்கிறதே. அன்றைக்கு எந்தக் கருவியில் எதைப் பார்த்தார்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? அதற்கு முதல் நாள் வரை தெரியாதது அன்று என்ன தெரிந்தது?”

விழித்தேன். பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று பேச்சுப் போட்டியும் வினாடி வினாவும் கண்டவன் நான். ஒரு முறை பரிசாக எவர்சில்வர் டிபன் பெட்டிகூட வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. “ஒரு வாரம் எடுத்துக்கொள், படித்துவிட்டு வந்து சொல்” என்றார். ஒரு வாரம் ஒன்றரை மாதமாயிற்று. கிளை பிரிந்து கிளை பிரிந்து, அதே நாளில் உலகின் வேறு வேறு மூலைகளில் நடந்தவையும் வந்து சேர்ந்துகொண்டன. அவற்றில் சிலவற்றைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் கல்கத்தாவுக்குச் செல்வோம். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இராமன், 1907-இல் அரசு நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். பகலில் கணக்கு, காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் தொடங்கிய கழகம் அது. பத்தாண்டுகள் இப்படி இரட்டை மாட்டு வண்டி ஓட்டியபின், 1917-இல் பெரிய பதவியை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921-இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்று பேரறிஞர் ராலே கூறியிருந்தார். இராமன் ஒரு நிக்கல் பட்டகத்தைக் கண்ணில் பிடித்து, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, கூடிற்று. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டார். இதுவரை நம் பாடநூலில் உண்டு. பாடநூல் இங்கிருந்து ஒரே தாவலாக 1928-க்குத் தாவிவிடும். இடையில் ஏழு ஆண்டுகள் கிடக்கின்றன.

அந்த ஏழு ஆண்டுகளில் பலருடைய உழைப்பு இருக்கிறது. 1923-இல் கே. ஆர். இராமநாதன் என்ற மாணவர், நீர்மங்களில் சிதறும் ஒளியோடு நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றும் கலந்திருப்பதைக் கண்டார். நீர்மத்தில் கலந்துள்ள மாசின் ஒளிர்வாக இருக்கும் என்று எண்ணித் திரும்பத் திரும்பத் தூய்மை செய்து பார்த்தார்கள்; மங்கல் ஒளி போகவில்லை. பின்னர் வெங்கடேசுவரன் என்பவர் கிளிசரினில் பசுமை கலந்த ஒளியைக் கண்டார். சாதாரண ஒளிர்வில் காணப்படாத ஒரு பண்பு, அதாவது அந்த ஒளி வலுவாகத் தளவிளைவுற்றிருப்பது, அதில் இருந்தது. இங்கேதான் இராமனுக்குப் பொறி தட்டிற்று. 1928 பிப்ரவரி தொடக்கத்தில், கோட்பாட்டு ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த கே. எஸ். கிருஷ்ணனை அழைத்துச் சோதனையில் இறக்கினார். கிருஷ்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர். நல்ல வேளையாக அவருக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தது. பிப்ரவரி 28-இல் என்ன நடந்தது என்று நாம் இன்று அறிவது பெரும்பாலும் அந்த நாட்குறிப்பினால்தான்.

சோதனையின் கருத்து எளியது. சூரிய ஒளியைத் தொலைநோக்கியின் பெரிய வில்லையால் குவித்து, நீல ஊதா வடிகண்ணாடி வழியே நீர்மத்தில் செலுத்துகிறோம். மஞ்சள்பச்சை வடிகண்ணாடி வேறொன்று உண்டு. முதலாவது விடுகின்ற ஒளியை இரண்டாவது விடாது. இரண்டையும் நீர்மத்துக்கு முன்னால் வைத்தால் ஒன்றும் தெரியக்கூடாது, தெரிவதும் இல்லை. இப்போது இரண்டாவது கண்ணாடியை எடுத்துக் கண்ணுக்கும் நீர்மத்துக்கும் இடையில் வைத்துப் பார்க்கிறோம். அப்போதும் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒளித்தடம் தெரிகிறது! நீர்மத்துக்குள் புகுந்த ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வெளிவருகிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. சுமார் 60 நீர்மங்களில் இதைக் கண்டுவிட்டு, பிப்ரவரி 16 தேதியிட்டு இருவர் பெயரிலும் ‘நேச்சர்’ இதழுக்குக் குறிப்பு அனுப்பிவிட்டார்கள்.

ஆக, 28-க்கு முன்பே கண்டுபிடித்தாயிற்றே, பிறகு 28-இல் என்ன என்ற கேள்வி எழுகிறது. நானும் இங்கேதான் குழம்பி நின்றேன். விடை இதுதான். அதுவரை கண்டது நிறம் மாறிய ஒளி இருக்கிறது என்பதை மட்டுமே. எப்படி மாறுகிறது என்பதைக் காணவில்லை. பிப்ரவரி 28, செவ்வாய்க்கிழமை. கிருஷ்ணன் அன்று பிற்பகலில்தான் கழகத்துக்கு வந்தார். வழக்கமான நீல ஊதாக் கண்ணாடியோடு யுரேனியம் கலந்த கண்ணாடி ஒன்றையும் சேர்த்து, உள்ளே செல்லும் ஒளியின் அலைநீள எல்லையைக் குறுக்கினார்கள். பிறகு ஒளித்தடத்தைக் கையடக்கமான நேர்நோக்கு நிறமாலைகாட்டியால் பார்த்தார்கள். உள்ளே சென்ற ஒளி ஒரு பட்டையாக. மாறிய ஒளி வேறொரு பட்டையாக. இரண்டுக்கும் இடையே ஓர் இருண்ட இடைவெளி. அவ்வளவுதான். அந்த இருண்ட இடைவெளிதான் பிப்ரவரி 28.

சாதாரண ஒளிர்வாக இருந்தால் நிறம் பரந்து குழம்பிக் கிடக்கும். இடைவெளி விட்டுத் தனியே நிற்காது. இடைவெளி இருக்கிறது என்றால், ஒளி தன் ஆற்றலில் ஒரு குறிப்பிட்ட பங்கை மட்டும் மூலக்கூறிடம் கொடுத்துவிட்டு வருகிறது என்று பொருள். கலைப்பிரிவுத் தோழர்களுக்காக ஓர் உவமை: அசையாமல் தொங்கும் ஊஞ்சலின் மேல் பந்தை எறிந்தால் ஊஞ்சல் சற்றே ஆடும், ஆட்டத்துக்கான ஆற்றலைப் பந்தே கொடுத்தாக வேண்டும், ஆகவே திரும்பும் பந்தின் வேகம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று அளந்தால், ஊஞ்சலைப் பார்க்காமலே அது எப்படிப்பட்ட ஊஞ்சல் என்று சொல்லிவிடலாம். பென்சீன் வளையம் தன் மூச்சாக விரிந்து சுருங்கும் அதிர்வு அலையெண்ணில் சென்டிமீட்டருக்கு 992. கார்பன் டெட்ராகுளோரைடுக்கு 459-இல் ஒரு கோடு. ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு கைரேகை. ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்றுதான் இவ்வாறு மாறி வருகிறது என்பதை எண்ணினால், வெறுங்கண்ணாலும் சூரிய ஒளியாலும் இதைக் கண்டவர்களை என்னவென்று சொல்வது! 1960-இல் லேசர் வந்தபின் வேலை எளிதாயிற்று. 2021-இல் செவ்வாயில் இறங்கிய ‘பெர்சிவியரன்ஸ்’ ஊர்தி, பாறைகளின் கைரேகையை இதே முறையில் எடுக்கும் கருவிகளைச் சுமந்து சென்றது.

நிற்க. 1928 நெட்டாண்டு. ஆகவே பிப்ரவரி 28 அவ்வாண்டில் மாதக் கடைசி நாளன்று. செய்தி நிறுவனத்துக்கு இராமன் அறிவித்தது மறுநாள், 29-இல். அறிவித்த நாளையே தேசிய அறிவியல் நாளாக எடுத்துக்கொண்டிருந்தால் நமக்குப் பேச்சுப் போட்டி நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வந்திருக்கும். (28-ஐ அறிவியல் நாளாக அரசு அறிவித்தது 1986-இல், முதல் விழா 1987-இல்.) மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்டாம் என்ற இருவர் குவார்ட்சுப் படிகத்தில் இதே விளைவைப் பிப்ரவரி 21-இலேயே கண்டிருந்தனர், ஆனால் வெளியிட மாதங்கள் ஆயின. 1930-இன் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. பெயரும் அவருடையதே நிலைத்தது. கிருஷ்ணன் பின்னாளில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக உயர்ந்தவர். அவருக்குப் பெருமைக்குக் குறைவில்லை. ஆயினும் எங்கள் கரும்பலகையில் நான் எழுதிய வரியில் அவர் இல்லை.

அந்த வரியில் இல்லாத இன்னொருவரும் உண்டு. கழகத்தில் இராமனுக்கு ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கருவிகளைப் பூட்டிக் கொடுத்த அசுதோஷ் தே. ஆசு பாபு என்று அழைப்பார்கள். கல்லூரி வாசலை மிதியாதவர். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இராமனோடு பெயர் பதித்தவர். இவரைப் பற்றிப் படித்த அன்று இரவு வீட்டில் என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். “பேரைப் போட்டானா? பெரிய மனுஷன்தான்” என்றார், இராமனைக் குறித்து.

என் தந்தையாரின் பிறந்த நாள் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. பள்ளியில் சேர்க்கச் சென்றபோது, வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக் காதைத் தொடச் சொல்லி, தொட்டதும் ஏதோ ஒரு தேதியை எழுதிக்கொண்டார்களாம். அதுதான் இன்றளவும் அவர் பிறந்த நாள். மாசியில் பிறந்தவர் என்பது மட்டும் பாட்டிக்கு நினைவு. பிப்ரவரி 28 பெரும்பாலும் மாசி 16. அவராகவும் இருக்கலாம், யார் கண்டது!

இனி என் சொந்தப் பாடத்துக்கு வருகிறேன். இராமனும் கிருஷ்ணனும் வடிகண்ணாடிகளோடு நின்ற அதே 1928 பிப்ரவரியில், அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்ற இளைஞர் ஹார்வர்டு ஆசிரியப் பணியை விட்டு டூபாண்ட் நிறுவனத்தின் வில்மிங்டன் ஆய்வகத்தில் சேர்ந்தார். சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாய்க் கோத்துப் பெரு மூலக்கூறு செய்ய முடியும் என்று காட்டுவதே அவர் வேலை. 1935 பிப்ரவரி 28 அன்று அவர் குழுவினர் அடிபிக் அமிலத்தையும் ஹெக்சாமெத்திலீன் டைஅமீனையும் இணைத்து ஒரு பலபடியைப் பெற்றனர். அமிலத்தில் ஆறு கார்பன், அமீனில் ஆறு கார்பன். ஆகவே நைலான் 6,6. ஒவ்வொரு கண்ணி சேரும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். உருக்கி இழுத்தால் பட்டைப் போன்ற இழை. 1938-இல் பல் துலக்கும் தூரிகையின் நாராயிற்று; 1940 மே 15 முதல் அமெரிக்கா எங்கும் பெண்களின் காலுறையாய் விற்பனைக்கு வந்தது; போர் மூண்டதும் பாராசூட் ஆயிற்று. கரோதர்ஸ் இவற்றில் ஒன்றையும் காணவில்லை. மனச்சோர்வு நோய் அவரை நெடுநாள் வாட்டியது. 1937 ஏப்ரலில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 41.

இங்கே ஒரு சிறு சோதனை. கடையில் நைலான் கயிறு என்று வாங்கியதில் ஒரு துண்டை நறுக்கி, காற்றுக் குமிழ் போக நன்றாகப் பிசைந்து, வாளி நீரில் இடுங்கள். நைலானின் அடர்த்தி 1.14, மூழ்க வேண்டும். எங்கள் வீட்டுக் கிணற்றுக் கயிறு மிதந்தது. அது பாலிப்ரொப்பிலீனாக இருக்க வேண்டும். அதன் அடர்த்தி ஏறத்தாழ 0.9. இருபது ஆண்டுகளாக அதை நைலான் என்றே நம்பியிருந்தோம். கயிறு என்னவோ நன்றாகத்தான் உழைக்கிறது.

அறிவியலுக்கு வெளியே இந்த நாள் அவ்வளவு இனியதன்று. 1922-இல் எகிப்துக்கு விடுதலை என்று பிரிட்டன் இந்நாளில் அறிவித்தது. ஆனால் சூயஸ் வழியின் பாதுகாப்பு உள்ளிட்ட நான்கு பொருள்களைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 1933-இல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடம் 27-ஆம் தேதி இரவு எரிந்தது. மறுநாள் 28-இல் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஒரு அவசர ஆணையில் கையெழுத்திட்டார். பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை, அஞ்சல் மறைவு எல்லாம் ஒரு தாளில் போயின. ஹிட்லர் பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவசரத்துக்கென்று போட்ட அந்த ஆணை, 1945-இல் அவ்வாட்சி வீழும்வரை நீடித்தது. 1986-இல் சுவீடன் பிரதமர் ஒலோஃப் பால்மே, மெய்க்காவலர் இன்றி மனைவியோடு திரைப்படம் பார்த்துவிட்டு ஸ்டாக்ஹோம் தெருவில் நடந்து வரும்போது சுடப்பட்டு இறந்தார்.

ஆனால் என்னை அதிகம் நிறுத்தியவை இரண்டு. 1947-இல் தைவான் தலைநகர் தைப்பேயில், உரிமமின்றிச் சிகரெட் விற்ற ஒரு விதவையை அரசு முற்றுரிமைத் துறையினர் 27-ஆம் தேதி மாலையில் துப்பாக்கிக் கட்டையால் அடித்தனர். கூடிய கூட்டத்தில் ஒருவர் சுடப்பட்டார். 28-இல் ஆளுநர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள்மீது காவலர் சுட்டனர். மார்ச்சில் பெருநிலத்திலிருந்து படை வந்தது. 18,000 முதல் 28,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று பின்னாளில் அரசே அமைத்த ஆய்வு கூறிற்று. அதைவிட என்னைத் தைத்தது அடுத்து நடந்தது: நாற்பதாண்டுக் காலம் அதைப் பற்றி வெளியில் பேசவே முடியவில்லை. 1987-இல் இராணுவச் சட்டம் நீங்கியபின், 1995-இல் அதிபர் லீ டெங்-ஹுய் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இன்று அது நினைவு நாள், அரசு விடுமுறை. ஒரு நாளுக்கு நாட்காட்டியில் இடம் கிடைக்க அத்தனை ஆண்டுகள் ஆயின.

மற்றொன்று 1948, சனிக்கிழமை. ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் நாட்டுத் தலைநகர் அக்ரா. பிரிட்டனுக்காகப் பர்மாக் காடுகளில் ஜப்பானியரோடு போரிட்டுத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள், வாக்களித்த உதவிப்பணம் கேட்டு மனுவோடு ஆளுநர் மாளிகை நோக்கி ஊர்வலம் போனார்கள். கையில் ஆயுதம் இல்லை. வழிமறித்த காவல்துறையின் ஆங்கில அதிகாரி தாமே துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். சார்ஜன்ட் அட்ஜெட்டே, கார்ப்பொரல் அட்டிபோ, பிரைவேட் ஒடார்ட்டே லாம்ப்டே மூவரும் விழுந்தனர். நகரம் பற்றி எரிந்தது. நிக்ருமா உள்ளிட்ட ஆறு தலைவர்கள் கைதாயினர். ஒன்பதே ஆண்டுகளில், 1957 மார்ச் 6-இல், அந்நாடு கானா என்ற பெயரோடு விடுதலை பெற்றது. சார்ஜன்ட், கார்ப்பொரல், பிரைவேட்: வரலாற்று நூல்கள் வழக்கமாகப் பெயர் சொல்லாத பதவிகள் இவை. இங்கே சொல்கின்றன.

கடைசியாக, 1953. இதுவும் சனிக்கிழமை. கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் 24 வயது ஜேம்ஸ் வாட்சன், பட்டறையிலிருந்து தகட்டு வடிவங்கள் வரத் தாமதமானதால், அட்டையை வெட்டி டி.என்.ஏ.யின் நான்கு காரங்களையும் மேசைமேல் நகர்த்திக்கொண்டிருந்தார். அடினைனையும் தைமினையும் சேர்த்த வடிவமும், குவானைனையும் சைட்டோசினையும் சேர்த்த வடிவமும் ஒன்றுபோலவே இருப்பது திடீரெனப் பட்டது. இவை எப்போதும் சம அளவில் இருப்பதை சார்காஃப் முன்பே அளந்து சொல்லியிருந்தார். ஏன் என்பது அன்று விளங்கிற்று. பாடநூல்களில் அக்காரங்களின் வடிவம் தவறாக அச்சாகியிருந்ததைத் திருத்திச் சொன்னவர் அதே அறையில் இருந்த ஜெரி டோனஹ்யூ. (பாடநூலிலும் தவறு வரும் என்பதைத் தேர்வெழுதும் நண்பர்கள் குறித்துக்கொள்க, விடைத்தாளில் எழுத வேண்டா.) அன்று மதியம் ‘ஈகிள்’ என்ற விடுதியில், உயிரின் இரகசியத்தைக் கண்டுவிட்டோம் என்று ஃபிரான்சிஸ் கிரிக் முழங்கினார் என்று வாட்சன் தம் நூலில் எழுதினார். அப்படிச் சொன்னதாகத் தமக்கு நினைவே இல்லை என்றார் கிரிக்! எங்கள் பேராசிரியரின் கேள்விக்கு இவர்களாலேயே விடை சொல்ல முடியவில்லை.

அவர்கள் மாதிரிக்கு ஆதாரமான எக்ஸ்-கதிர் அளவீடுகள் இலண்டனில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் எடுத்தவை. அவரும் மாணவர் கோஸ்லிங்கும் 1952-இல் எடுத்த படம் ஒன்று, அவர் அறியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1962-இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. 1958-இலேயே 37 வயதில் மறைந்துவிட்டார்.

இப்போட்டியில் தோற்றவர் லைனஸ் பாலிங். வேதிப்பிணைப்பின் இயல்பை உலகுக்குக் கற்பித்தவர். நம் பாடநூலில் பாதி அவருடையது. அவரும் அதே பிப்ரவரியில் டி.என்.ஏ.க்கு ஓர் அமைப்பை அச்சிட்டிருந்தார். மூன்று புரிகள்; பாஸ்பேட் தொகுதிகள் நடுவில்; அவற்றின் ஹைட்ரஜன்கள் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹைட்ரஜன் பிரியாவிட்டால் அது அமிலமே ஆகாது! நியூக்ளிக் அமிலத்துக்கு அமிலமல்லாத அமைப்பு; முதலாண்டு மாணவன் எழுதினால் மதிப்பெண் போய்விடும் பிழை. பாலிங் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் பிறந்தவர். பிறந்த தேதி 1901 பிப்ரவரி 28. வாட்சன் அட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்த நாள் பாலிங்கின் 52-ஆவது பிறந்த நாள். கலிஃபோர்னியாவில் இருந்த அவருக்கு அன்று ஒன்றும் தெரியாது. ஏப்ரல் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் வந்தார். மாதிரியைப் பார்த்தார், எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்தார், இவர்கள் சொல்வதே சரி என்று ஒப்புக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் மாநாட்டுக்குப் போனார்.